சிவந்த கண்ணுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

சொல் விளக்கம் கேட்டு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் வழக்கமாகப் பல திசைகளில் இருக்கும். இம்முறை ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை, கண்ணைக் குறிக்கும் ஒரே ஆங்கிலப் பெயரடையைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். எங்கள் பகுதிப் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு கட்டுரையில் அவர்களுடைய கண்களை ‘ப்ளட்ஷாட்’ என்று எழுதியிருந்தார்கள். அகராதியில் ‘இரத்தச் சிவப்பான’ என்று மட்டும் இருக்கிறது. ‘ஷாட்’ என்றால் சுடுவது அல்லவா? கண்ணில் இரத்தம் வடிகிறது என்று பொருளா? அம்மாவுக்கு இதை எப்படி விளக்குவது?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: இரத்தம் வடிகிறது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குக் கிடையாது என்பதை உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். வெள்ளை விழியின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. அதில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இயல்பான நேரத்தில் எதிரே நிற்பவர் பார்வையில் அவ்வளவாகப் படுவதில்லை. தூக்கம் கெட்டாலும், உப்பு நீரோ புகையோ மணலோ பட்டாலும், நெடுநேரம் அழுதாலும், கிருமி தொற்றினாலும், மது அருந்தினாலும் அந்தக் குழாய்கள் விரிந்து வெள்ளையின் மேல் சிவப்புக் கோடுகளாகத் தெரியத் தொடங்கும். அந்தத் தோற்றத்துக்கே ஆங்கிலத்தில் ‘ப்ளட்ஷாட்’ என்று பெயர். கருவிழியின் நிறத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கரிய விழி உடையவருக்கும் நீல விழி உடையவருக்கும் அது ஒரே பொருளில் வழங்கும்.

‘ஷாட்’ என்ற பகுதி உங்களைக் குழப்பியது இயற்கையே. ‘ஷூட்’ என்ற வினைக்கு இன்று துப்பாக்கியால் சுடுவது முதற்பொருளாகத் தோன்றினாலும், விரைந்து பாய்தல், ஊடே ஓடுதல், முளைத்துக் கிளம்புதல் என்பனவும் அதன் பழைய பொருள்கள். செடியின் தளிருக்கு ஆங்கிலத்தில் ‘ஷூட்’ என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். அந்த வினையின் பழைய எச்ச வடிவம் ‘ஷாட்டன்’. முதலில் ‘ப்ளட்ஷாட்டன்’ என்று வழங்கிய கூட்டுச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே ‘ப்ளட்ஷாட்’ என்று குறுகிவிட்டது. பரமக்குடி நெசவாளர்கள் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் போட்டு நெய்யும்போது, துணி முழுவதும் ஒன்றன் ஊடே மற்றொன்று மின்னுகிறதே, அத்தகைய பட்டை ஆங்கிலத்தில் ‘ஷாட் சில்க்’ என்பார்கள். கண்ணுக்கான சொல்லையும் அதே முறையில் புரிந்துகொள்ளலாம்: வெண்மையின் ஊடே இரத்த நிறம் பாய்ந்திருக்கிறது என்பதே அதன் உட்பொருள். ‘செவ்வரி ஓடிய கண்’ என்று நாம் சொல்லும்போது ‘ஓடிய’ என்ற சொல் செய்யும் வேலையைத்தான் அங்கே ‘ஷாட்’ செய்கிறது.

இந்தச் சொல் கண்ணுக்கென்றே ஒதுங்கிவிட்ட சொல். சிவந்த கன்னத்தையோ, சிவந்த வானத்தையோ, இரத்தம் கட்டிய நகத்தையோ இதனால் குறிப்பதில்லை. ‘ஸ்லைட்லி’ என்று சேர்த்து இலேசான சிவப்பையும், ‘பேட்லி’ என்று சேர்த்துக் கடுமையான சிவப்பையும் காட்டலாம். முற்பகுதியை ‘ப்ளட்’ என்று குறுகிய ஒலியில் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்து ‘ப்ளூட்’ என்று நீட்டுகிறவர்கள் பலர்.

இனி அந்தக் கட்டுரையைப் பற்றி. சொல் இலக்கணப்படி சரியானதுதான். ஆனாலும் ஒரு பெயரடை தனியாக நிற்கும்போது வாசிப்பவர் மனம் எங்கே போகும் என்பதை எழுதுகிறவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலக் கதைகளிலும் செய்திகளிலும் இந்தச் சொல் பெரும்பாலும் குடித்தவர், தூங்காதவர், நோயுற்றவர், முரடர் ஆகியோர் பக்கத்திலேயே வந்து பழகிவிட்டது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி எடுக்கிற பெண்களின் கண்களை இந்தச் சொல்லால் மட்டும் வருணித்துவிட்டு நகர்ந்தால், அவர்களைக் கண்டிராத ஒருவர் வேறு ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்வார். மணிக்கணக்கில் உப்பு நீரில் கிடந்ததால் சிவந்த கண்கள் என்று காரணத்தையும் அதே வாக்கியத்தில் சேர்த்திருந்தால், அதே சொல் அவர்களுடைய உழைப்பைக் காட்டும் சொல்லாக மாறியிருக்கும். உழைப்பாளிகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரடையைக் காரணமில்லாமல் தனியே விடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நீரில் நெடுநேரம் இருந்தால் கண் சிவக்கும் என்பதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்திருக்கிறது. ‘நீர் நீடு ஆடின் கண்ணும் சிவக்கும்’ என்பது குறுந்தொகையின் 354ஆம் பாட்டின் முதல் அடி. அந்தப் பாட்டில் வருவது குளிர்ந்த பொய்கை. கடலுக்கு அது இன்னும் பொருந்தும். நம் கண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு என்றால், கடல்நீரில் சுமார் 35 கிராம் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு மடங்கு உப்பான நீர் திரும்பத் திரும்பப் பட்டால் படலம் எரிச்சலடைந்து குழாய்கள் விரியத்தான் செய்யும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவி, கசக்காமல் சற்று நேரம் மூடி வைத்திருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

கண்ணாடி பற்றியும் அம்மாவிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். ஆழத்துக்குப் போகப் போக நீரின் அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் காற்று அதனால் சுருங்கி, கண்ணை உறிஞ்சி இழுக்கும். மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியாக இருந்தால், மூக்கு வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொள்ளலாம். கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை. அதை அணிந்து ஆழமாக மூழ்கினால் நுண்ணிய குழாய் உடைந்து வெள்ளை விழியில் இரத்தம் கட்டிக்கொள்வது உண்டு. எந்தக் கண்ணாடி வாங்குவது என்பது ஆகவே விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யும் காரியமாக இருக்கக் கூடாது.

கேள்வி: தேர்வில் ‘ஹி இஸ் ப்ளட்ஷாட்’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ‘ஹி இஸ் டயர்டு’ என்பது சரியென்றால் இது எப்படித் தவறாகும்?
— பத்தாம் வகுப்பு மாணவர், ஏர்வாடி

பதில்: ஆசிரியர் செய்தது சரி. ‘டயர்டு’ ஆளின் நிலையைச் சொல்லும். ‘ப்ளட்ஷாட்’ கண்ணின் தோற்றத்தை மட்டுமே சொல்லும். ‘ஹிஸ் ஐஸ் ஆர் ப்ளட்ஷாட்’ என்று கண்ணை எழுவாயாக்க வேண்டும். அல்லது ‘ப்ளட்ஷாட் ஐஸ்’ என்று கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆளையே குறிக்க வேண்டுமானால் ‘ப்ளட்ஷாட்-ஐட்’ என்று நீட்டி எழுதும் வழக்கமும் உண்டு. பள்ளித் தேர்வுக்கு முதல் இரண்டும் போதும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கும் சேதுக்கரைக்கும் வரும் வெளிமாநிலத்தவருக்காக ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பு தயாரிக்கிறோம். ‘செங்கண்மால்’ என்பதை ஓர் இளைஞர் ‘ப்ளட்ஷாட்’ என்ற சொல்லைப் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்புல்லாணி

பதில்: ஐயா, தங்கள் மனம் ஒப்பாதது முற்றிலும் நியாயம். குறிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்தச் சொல்லைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் அதைப் படித்தால், உறக்கம் கெட்டுச் சோர்ந்த அல்லது மது அருந்திய ஒருவரின் முகம்தான் அவர் மனத்தில் எழும். பெருமாளின் திருக்கண்ணுக்கு அதைவிடப் பொருந்தாத அடைமொழி இருக்க முடியாது.

தமிழில் செங்கண் என்பது முதலில் ஓர் அழகு. மார்கழியில் எல்லோரும் பாடும் திருப்பாவையின் 22ஆம் பாசுரத்தில், தாமரைப் பூப்போல மெல்ல மலரும் செங்கண் எங்கள்மேல் சிறுச்சிறிதே விழியாதோ என்றுதான் ஆண்டாள் கேட்கிறாள். அங்கே சிவப்பு என்பது அருளின் நிறம். சங்கப் பாடல்களில் தலைவியின் கண்ணைச் ‘சேயரி மழைக்கண்’ என்றும் ‘அரிமதர் மழைக்கண்’ என்றும் பாடுவதைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். சேயரி என்பது வெள்ளை விழியில் ஓடும் செவ்வரிதான். இன்றைய மருத்துவர் பார்த்தால் விரிந்த இரத்தக் குழாய் என்று சொல்லக்கூடிய அதே கோடு. நம் புலவர்கள் அதை அழகின் அடையாளமாகக் கண்டார்கள். ஆங்கிலம் கண்ணைப் புகழும்போது தெளிவையும் ஒளியையும் வெள்ளையின் மாசின்மையையும் சொல்லிப் புகழும். வெள்ளையில் ஓடும் சிவப்பைப் புகழ்வதற்கு அன்றாட ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. கண்ணில் தெரியும் கோடு ஒன்றாக இருந்தும் இரு மொழிகளும் அதை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கின்றன. அந்த இளைஞர் அகராதியில் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

தமிழில் கண் சிவத்தலுக்குச் சினம் என்ற பொருளும் உண்டு. ‘கண் சிவந்தான்’ என்றால் கோபம் கொண்டான் என்று சிறு பிள்ளைக்கும் புரியும். அதற்கும் ‘ப்ளட்ஷாட்’ உதவாது. கோபத்தைச் சொல்லும் ஆங்கிலத் தொடர் ‘ஸீ ரெட்’ என்பது. அங்கே கண் சிவப்பதில்லை, கோபம் கொண்டவர் பார்ப்பதெல்லாம் சிவப்பாகிறது. சினந்த கண்ணையே வருணிக்க வேண்டுமானால் ‘ப்ளேஸிங்’ என்று எரிவதாகவும், ‘ஃப்ளாஷிங்’ என்று மின்னுவதாகவும் சொல்வார்கள். ‘கண் சிவந்த மன்னன்’ என்பதை ‘ப்ளட்ஷாட்’ என்று பெயர்த்தால், போருக்கு எழுந்த மன்னன் இரவெல்லாம் விழித்திருந்தவனாகிவிடுவான்.

தங்கள் குறிப்புக்கு, செந்தாமரை போன்ற கண்களை உடைய திருமால் என்று விரித்து, ‘வித் ஐஸ் லைக் தி ரெட் லோட்டஸ்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே சொல்லில் முடிக்க வேண்டுமென்றால் ‘லோட்டஸ்-ஐட்’ என்பது பல மொழிபெயர்ப்புகளில் பழகிய சொல். அதில் சிவப்பு வெளிப்படையாக வராது என்றாலும், பக்தியின் தொனி கெடாது. இரண்டில் எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், நீளமானாலும் முதலாவதையே எடுப்பேன். ‘செம்மை’ என்ற சொல்லை இழந்துவிட்டுச் செங்கண்மாலை அறிமுகப்படுத்துவது எனக்குக் குறையாகவே படுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தில் ‘இரத்தங்கலங்கின கண்கள்’ என்று இருக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கண்களின் சிவப்பு என்று மட்டும்தான் உள்ளது. அண்மைக்கால ஆங்கிலப் பதிப்பு ஒன்றில் ‘ப்ளட்ஷாட்’ என்று இருக்கிறது. இதில் தமிழ் சரியா?
— ஓர் ஞாயிறு வகுப்பு ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: தமிழ் மிகச் சரி. அது மட்டுமில்லாமல், இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழில் அமைந்த தொடர்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அந்த வசனம் யாருக்கு வேதனை, யாருக்குச் சண்டை, யாருக்கு இத்தகைய கண்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, அடுத்த வசனத்தில் மதுபானம் இருக்கும் இடத்திலேயே தங்கியிருப்பவர்களுக்கு என்று விடை சொல்கிறது. ஆகவே அங்கே வெறும் ‘சிவந்த’ என்று போட்டிருந்தால், கோபமோ அழகோ கூட நினைவுக்கு வந்திருக்கும். ‘கலங்கின’ என்ற சொல் அந்த இரண்டையும் விலக்கிவிட்டு, தெளிவு கெட்ட கண் என்பதைக் காட்டுகிறது. ‘இரத்தம்’ என்பது நிறத்தைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து, குடியால் கெட்ட கண்ணைக் கண்முன் நிறுத்திவிடுகின்றன.

ஆதியாகமம் 49ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தையும் இதனோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே யாக்கோபு தன் மகன் யூதாவை ஆசீர்வதிக்கும்போது, அவன் கண்கள் திராட்சரசத்தினால் சிவந்திருக்கும் என்று வருகிறது. அது செழிப்பைச் சொல்லும் இடம் என்பதால், தமிழ் அங்கே சிவப்பு என்ற எளிய சொல்லோடு நின்றுவிட்டது. கலக்கம் அங்கே வரவில்லை. ஒரே நிறம் வாழ்த்தில் வரும்போது ஒரு சொல்லும் கண்டனத்தில் வரும்போது வேறொரு சொல்லும் பெற்றிருப்பது, மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு கவனத்தோடு இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

கேள்வி: பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்குப் போயிருக்கும் என் தம்பிக்குக் கண் சிவந்து, பூளை தள்ளி, இமை ஒட்டிக்கொண்டது. ‘கண் வலி’ என்று சொல்ல நினைத்து மருத்துவரிடம் ‘ஐ பெயின்’ என்றானாம். அவர் தலைவலி உண்டா, அடிபட்டதா என்று வேறு பக்கம் கேட்டுக்கொண்டே போனாராம். இப்போது குணமாகிவிட்டது. இப்படி நேரும்போது ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல வேண்டும்? ‘ப்ளட்ஷாட்’ என்றால் போதுமா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: நம் பக்கத்தில் ‘கண்ணு வலி வந்திருக்கு’ என்றால் வலியைச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, மெட்ராஸ் ஐ என்ற தொற்றைத்தான் சொல்கிறோம். ‘ஐ பெயின்’ என்பது கண்ணுக்குள் நோவு என்ற பொருளை மட்டும் தரும்; அதைக் கேட்ட மருத்துவர் நோவுக்கான காரணங்களைத் தேடியது முறைதான். தங்கள் தம்பி சொல்லியிருக்க வேண்டியது, கண் ‘ப்ளட்ஷாட்’ ஆக இருக்கிறது, பூளை வருகிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது என்ற மூன்றையும். பூளைக்கு ‘டிஸ்சார்ஜ்’ என்றும் ஒட்டுவதற்கு ‘ஸ்டிக்கி’ என்றும் சொன்னால் எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும். மெட்ராஸ் ஐ என்ற பெயர் நம் நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் தெரியாது. மக்கள் பேச்சில் அதற்கு ‘பிங்க் ஐ’ என்று பெயர், மருத்துவப் பெயர் ‘கன்ஜங்க்டிவைட்டிஸ்’.

‘ப்ளட்ஷாட்’ என்பது அறிகுறியின் பெயரே தவிர நோயின் பெயராகாது. அதனால் அது மட்டும் போதாது. எந்தக் கண், எத்தனை நாளாக, வலி உண்டா, பார்வை மங்கியிருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் இரண்டு நிலைகளை இதனோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. முதலாவது, இரத்தக் கட்டு. கடுமையாக இருமினாலோ, வாந்தி எடுத்தாலோ, பெரும் பாரத்தை மூச்சுப் பிடித்து இழுத்தாலோ ஒரு நுண்ணிய குழாய் உடைந்து, வெள்ளையின் ஒரு பகுதி முழுச் சிவப்பாகத் திட்டுப் போட்டு நிற்கும். பார்த்தவர் அஞ்சும்படி இருந்தாலும் அதில் வலி இராது. பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, சதை வளர்ச்சி. வெயிலும் காற்றும் மணலும் ஆண்டுக்கணக்கில் படுவதால், பெரும்பாலும் மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய சதை கருவிழியை நோக்கிப் படரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் பக்கம் நின்றவர்களுக்கு, கண் எதையெல்லாம் தாங்குகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ‘டெரிஜியம்’ என்று பெயர். கடல் அலையில் பலகை ஓட்டுபவர்களுக்கும் வருவதால் ‘சர்ஃபர்ஸ் ஐ’ என்றும் சொல்வதுண்டு. விளிம்புள்ள தொப்பியும் நல்ல குளிர்கண்ணாடியும் இதற்கு எளிய காப்பு.

மொழியை விட்டு ஒரு நிமிடம் விலகி இதையும் எழுதியாக வேண்டும். சிவப்போடு கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சக் கூச்சம், விளக்கைச் சுற்றி நிற வளையம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண் அழுத்தம் திடீரென்று ஏறுவதும் இப்படித்தான் தொடங்கும். தாமதித்தால் பார்வை திரும்பாது. சுண்ணாம்போ எரிபொருளோ கண்ணில் தெறித்தால், மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை சிவப்பை விரைவில் மறைத்துவிடும்; ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தத்தையும் புரையையும் உண்டாக்கக்கூடும். தம்பிக்கு இதை அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: துபாய்க்கு டிக்கெட் எடுக்கும்போது முகவர் ‘ரெட்-ஐ’ என்றார். இதற்கும் ‘ப்ளட்ஷாட்’ என்பதற்கும் தொடர்பு உண்டா?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: இரவில் கிளம்பி அதிகாலையில் இறங்கும் விமானத்துக்கு ‘ரெட்-ஐ’ என்று பெயர். தூக்கமில்லாத பயணியின் சிவந்த கண்ணிலிருந்து வந்த பெயர் என்பதால் தொடர்பு உண்டு. ஆனால் அந்த இடத்தில் ‘ப்ளட்ஷாட்’ என்று மாற்றிச் சொல்ல முடியாது. நிழற்படத்தில் கண்ணின் நடுவே சிவப்புப் புள்ளி விழுவதையும் ‘ரெட்-ஐ’ என்பார்கள். அது ஒளிவிளக்கின் வெளிச்சம் கண்ணின் உட்புறத்தில் பட்டுத் திரும்புவதால் வருவது. வெள்ளை விழிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: நான் எழுதிய சிறுகதை ஒன்றை நானே ஆங்கிலத்தில் பெயர்க்க முயல்கிறேன். விசைப்படகு திரும்பாத இரவு முழுவதும் கரையில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி, ‘விடியும்போது அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன’ என்று எழுதியிருக்கிறேன். அவள் அழுததும் உண்டு, தூங்காததும் உண்டு. ‘ப்ளட்ஷாட்’ பொருந்துமா?
— ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: இலக்கணமும் பொருளும் தடுக்கவில்லை, அழுகைக்கும் விழிப்புக்கும் அது பொருந்தும். அப்படியிருந்தும் உங்கள் கதையில் அதைப் போட நான் தயங்குவேன். அந்தச் சொல்லைச் சொல்பவர் கண்ணுக்கு வெளியே, சற்றுத் தள்ளி நிற்கிறார். கரைக்கு வந்த ஓர் அதிகாரியோ முன்பின் அறியாத ஒருவரோ அவளைப் பார்ப்பதாகக் காட்சி இருந்தால் அது பொருத்தமாக இருக்கும். அவளுடைய மாமியாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ பார்ப்பதாக இருந்தால், அந்த விலகல் காட்சியைக் கெடுத்துவிடும். அழுது சிவந்த கண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ரெட்-ரிம்டு’ என்று ஒரு சொல் உண்டு. இமையின் ஓரங்கள் சிவந்திருப்பதைச் சொல்வது. பரிவோடு பார்க்கும் இடங்களில் அதையே பெரும்பாலும் எழுதுவார்கள். ‘ரெட் ஃப்ரம் க்ரையிங்’ என்று எளிமையாகச் சொல்வதிலும் குறைவில்லை.

கோவைப்பழத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நம் வேலியோரத்தில் பழுத்துத் தொங்கும் அந்தச் சிவப்பை அறியாதவருக்கு அங்கே ஒரு விளக்கம் தேவைப்படும், விளக்கத்துக்காக அந்த வாக்கியம் நின்றால் உங்கள் பெண் மறைந்துவிடுவாள். உங்கள் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியுங்கள்: அவள் இரவு முழுவதும் உட்காரவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அடுத்ததில் விடிந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன என்று ‘ரெட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்துங்கள். காரணம் முன் வாக்கியத்திலேயே வந்துவிட்டதால், அந்தச் சிறிய சொல்லே உங்களுக்குப் போதுமானதாக இருக்கும். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அந்தப் பத்தியை மட்டும் அனுப்பி வையுங்கள்; படித்துவிட்டு எழுதுகிறேன்.